யன்னலும் குளிரும்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகைவண்டி ஹற்றனைக் கடந்து, கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை என்னும் நிலையங்களின் வழியாக நானுஓயாவை நோக்கி ஏறும்பொழுது, பாதையின் இருமருங்கிலும் தேயிலைத் தொழிற்சாலைகள் தோன்றித் தோன்றி மறையும். தகரம் போர்த்து, மாடிமேல் மாடியாக உயர்ந்து நிற்கும் அக்கட்டடங்களிற் பார்ப்போர் கண்ணை முதலிற் கவர்வன அவற்றின் யன்னல்களே. மாடிக்கொரு வரிசையாக, ஒரு மூலை தொடங்கி மறு மூலை வரை, கண்ணாடி பதித்த யன்னல்கள் இடைவெளியின்றி நிற்கும். பறித்துவந்த பச்சைக் கொழுந்தைச் சணற்றுணித் தட்டுகளில் மெல்லிதாகப் பரப்பி, பல மணிநேரம் வாட்டி எடுப்பதற்காகவே அந்த மேல்மாடிகள் அமைந்தன. வெயிலும் வரட்சியுமான நாளில் யன்னல்களைத் திறந்துவிடுவர். மழையும் மூடுபனியும் சூழ்ந்த நாளில் அவற்றை அடைத்துவிட்டுக் கீழேயிருந்து வெப்பக் காற்றை மேலேற்றுவர். எப்பொழுது திறப்பது, எப்பொழுது அடைப்பது என்று அறிவதே அக்காலத்து ஸ்டோர் வேலையில் ஒரு தனித் தேர்ச்சியாக இருந்தது. விசிறி பொருத்திய நீண்ட தொட்டிகள் வந்த பின்பு அந்த யன்னல் வரிசைகளுக்கு முன்போல வேலை இல்லை. கந்தப்பொலைக்கு அண்மையிலுள்ள ஹெதர்செற் தொழிற்சாலை 1996-ல் விருந்தினர் விடுதியாக மாறியது. கொழுந்துக்காக அமைந்த யன்னல்களின் வழியே இன்று விருந்தினர் மலைகளைப் பார்த்து மகிழ்கின்றனர்.

அத்தகைய தொழிற்சாலை ஒன்றிலிருந்து சரிவில் இறங்கிச் சென்றால் லயங்கள் வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று. அதன் முன்னே சிறு இஸ்தோப்பு. மேலே தகரக் கூரை. இரட்டை லயங்களில் ஒரு குடும்பத்தின் பின்சுவரே மறு குடும்பத்துக்கும் பின்சுவர். அங்கே யன்னல் வைப்பதற்குச் சுவரே கிடையாது. கொழுந்து வாடுவதற்கு அத்தனை யன்னல் அமைத்தவர்கள், அதைக் கொய்தவர்கள் உறங்கும் இடத்துக்கு ஒன்றேனும் வேண்டும் என எண்ணவில்லை. செலவைச் சுருக்கியதே இதன் முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் காலப்போக்கில் வேறோர் எண்ணமும் வேரூன்றிவிட்டது. யன்னல் இருந்தால் வீடு குளிரும் என்பதே அது. சிறு யன்னல் வாய்த்த காம்பராக்களிலும், மார்கழியும் தையும் வந்துவிட்டால், சாக்குத் துண்டையும் பழந்துணியையும் திணித்து அதனை அடைத்துவிடுவோர் பலர். அடைத்த அறைக்குள் விறகடுப்பு எரியும். புகை வெளியேற வழியின்றிச் சுற்றும். பாடம் படிக்கும் பிள்ளை பகலிலும் விளக்கை ஏற்ற வேண்டியிருக்கும். ஒளி வேண்டுமாயின் குளிரைப் பொறுத்துக்கொள், வெப்பம் வேண்டுமாயின் இருளையும் புகையையும் பொறுத்துக்கொள் என்று மலைநாட்டு வீடு இவர்களிடம் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாகச் சொல்லிவருகிறது.

இந்தப் பேரம் உண்மையில் தவிர்க்க முடியாததா? குளிர்நாட்டு விஞ்ஞானிகள் இக்கேள்விக்குக் கண்ட விடைகளுள் ஒன்று, இரண்டு கண்ணாடிகளுக்கிடையே ஒரு வாயுவை அடைத்துச் செய்யும் யன்னல். அது உருவான வரலாறும், அது வேலை செய்யும் முறையும், நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் வாழ்வோருக்குப் பயனுள்ள சில உண்மைகளைத் தம்முள் கொண்டுள்ளன.

வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்ல மூன்று வழிகள் உண்டு எனப் பௌதிக நூல்கள் கூறும். அவை கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்பன. அடுப்பிலிட்ட இரும்புக் கரண்டியின் காம்பு சுடுவது கடத்தல். கேத்தலின் அடியிற் சூடேறிய நீர் மேலெழுந்து, மேலே இருந்த குளிர்நீர் கீழிறங்கிச் சுழல்வது மேற்காவுகை. மூன்றாவதான கதிர்வீசலுக்கு இடையில் எந்தப் பொருளும் வேண்டியதில்லை. ஞாயிற்றின் வெப்பம் வெறுவெளியைக் கடந்து பூமிக்கு வருவது இவ்வழியிலேயாம்.

கதிர்வீசலைப் பாடநூலில் தேட வேண்டிய தேவை மலைநாட்டாருக்கு இல்லை. தை, மாசி மாதங்களில் வானம் துப்புரவாக இருக்கும் இரவுகளை அடுத்து, நுவரெலியாக் குதிரைப்பந்தயத் திடலின் புல்லும், அம்பேவெலைப் பக்கத்து மேய்ச்சல் நிலமும், பள்ளத்தாக்குகளிலுள்ள தேயிலையும் வெண்பனி பூத்து நிற்பதை அவர்கள் கண்டிருப்பர். அவ்விரவில் ஆளுயரத்துக் காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு இரண்டு மூன்று பாகை மேலேயே இருந்திருக்கவும் கூடும். பின்னர் நீர் உறைந்தது எவ்வாறு? இலையும் புல்லும் தம்மிடமிருந்த வெப்பத்தைத் திறந்த வானத்தை நோக்கி வீசிவிட்டன. அதனாற் சுற்றியுள்ள காற்றைவிடவும் அவை குளிர்ந்துபோயின. நிழல்மரத்தின் கீழ் நின்ற செடி தப்பிக்கொள்கிறது. திறந்த வெளியில் நின்ற செடி கருகிவிடுகிறது. மரக்கிளைகள் இடையில் நின்று, வெப்பம் வானுக்குச் செல்லும் வழியை மறித்ததே காரணம். இந்த நிகழ்ச்சியை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் நன்று. யன்னலின் கதையில் இது மீண்டும் வரும்.

கண்ணாடி நல்ல காவலி என்று எண்ணுவோர் உளர். அது தவறு. யன்னற் கண்ணாடி நான்கு மில்லிமீற்றர் தடிப்புள்ளது. அத்தடிப்பைக் கடந்து செல்வது வெப்பத்துக்கு ஒரு பொருட்டேயன்று. ஒற்றைக் கண்ணாடி சிறிதளவேனும் வெப்பத்தைத் தடுக்கிறது என்றால், அந்தப் பெருமை கண்ணாடியின் இருபுறமும் ஒட்டிக்கொண்டு அசையாது நிற்கும் மெல்லிய காற்றுப் படைகளையே சாரும். ஆகவே கண்ணாடியை இருமடங்கு தடிப்பாக்குவதாற் குளிர் குறையாது. விலை மட்டும் கூடும்.

அசையாத காற்றே போர்வை என்னும் உண்மையை ஐரோப்பாவில் ஆராய்ந்து கூறியவர் பெஞ்சமின் தொம்சன் என்னும் இரம்போட் பிரபு. அமெரிக்காவிற் பிறந்து, பவேரிய ஆட்சியாளரிடம் பணிபுரிந்த அவர், படைவீரர்களின் உடைக்கு ஏற்ற துணி எது எனத் தேடப் புகுந்து, கம்பளி, பறவை இறகு, விலங்கின் மென்மயிர் முதலியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார். உடலைக் காப்பது மயிரைவிட, மயிர்களுக்கிடையே சிறைப்பட்டு அசையாது நிற்கும் காற்றே என்று 1792-ல் வெளியான ஆய்விற் காட்டினார். கம்பிளியை மடித்துத் தலையிலிருந்து போர்த்திக்கொண்டு மலையேறிய தோட்டத் தொழிலாளி, அவருடைய ஆய்வைப் படியாமலே அதைக் கையாண்டவர். ஒரு கனத்த போர்வையினும் இரண்டு மெல்லிய போர்வைகள் நன்றாகக் குளிர் தாங்குவதும் இடையிலுள்ள காற்றினாலேயே.

போர்வையை இரண்டாக்குவது போல யன்னலையும் இரண்டாக்கலாம் அன்றோ? குளிர்நாடுகளில் மாரிகாலத்திற்கென இரண்டாவது யன்னற் சட்டம் ஒன்றை மாட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதை ஒரே பொருளாக்கி, இரண்டு கண்ணாடிகளைச் சிறிது இடைவெளிவிட்டு விளிம்பை ஒட்டி அடைத்துவிடும் முறைக்கு 1865-ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் நியூயோர்க்கைச் சேர்ந்த தோமஸ் ஸ்டெற்சன் என்பவர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதற்கு இரண்டே ஆண்டுகளின் பின், 1867-ல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையை நட்டார். மலைநாட்டின் தேயிலையும் இரட்டைக் கண்ணாடி யன்னலும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை என்று சொல்லலாம். தேயிலை முப்பது ஆண்டுகளுக்குள் மலைகளையெல்லாம் மூடிவிட்டது. யன்னலோ நெடுங்காலம் ஏட்டளவில் உறங்கியது.

இங்கிலாந்தில் யன்னலுக்கு இருந்த மதிப்பைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 1696 முதல் 1851 வரை அந்நாட்டில் வீட்டு யன்னல்களை எண்ணி வரி விதித்தனர். வரிக்கு அஞ்சி யன்னலைச் செங்கல்லால் அடைத்த வீடுகளை இன்றும் அங்கே காணலாம். கண்ணாடி மீதிருந்த தீர்வை 1845-ல் நீங்கியது. அதன் பின்னரே கண்ணாடி மலிந்தது. அந்த மலிவின் காலத்திற்றான் மலைநாட்டிற் கோப்பியும், பின்னர் தேயிலையும் பெருகின. துரைமார் பங்களாக்களில் அகன்ற கண்ணாடி யன்னல்கள் அமைந்தன. அக்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியே. அதனால் இழந்த வெப்பத்தை ஈடுசெய்ய ஒவ்வோர் அறையிலும் கணப்பு எரிந்தது. கணப்புக்கு விறகும், விறகு சுமக்க ஆளும் இருந்தமையால் யன்னலின் குறை எவருக்கும் தெரியவில்லை.

ஸ்டெற்சனின் யன்னல் ஏன் உறங்கிற்று? விளிம்பே இடர். கண்ணாடி ஒரு விதமாகவும், அதைப் பற்றும் மரமும் உலோகமும் வேறு விதமாகவும் விரிந்து சுருங்கும். நாளடைவில் விளிம்பில் நுண்ணிய வெடிப்பு விழும். அதன் வழியே ஈரக்காற்று உட்புகும். குளிரிரவில் அந்த ஈரம் இரு கண்ணாடிகளுக்கும் நடுவே பனித்துளியாகப் படியும். உள்ளேயிருந்தும் துடைக்க இயலாது. வெளியேயிருந்தும் துடைக்க இயலாது. 1930-களில் சி. டி. ஹேவன் என்னும் அமெரிக்கர் கண்ணாடியின் விளிம்போடு உலோகத்தை இறுகப் பிணைக்கும் வழியைக் கண்டார். அம்முறையில் அமைந்த யன்னல்கள் ‘தேமோபேன்’ என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தன. பின்னர் இங்கிலாந்தில் அலெஸ்ரெயர் பில்கிங்டன், உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமதளமான கண்ணாடி செய்யும் முறையை வகுத்தார். 1959-ல் அறிவிக்கப்பட்ட அம்முறையினாற் பளிங்கு போன்ற தட்டைக் கண்ணாடி எங்கும் மலிவாயிற்று.

இரு கண்ணாடிகளுக்கும் நடுவே காற்றுக்குப் பதிலாக வேறு வாயுவை வைத்தால் என்ன என்னும் வினாவுக்கு விடை, அதற்கும் முந்தியதொரு கண்டுபிடிப்பில் இருந்தது. அது விஞ்ஞான வரலாற்றின் சுவையான பகுதி.

1785-ல் ஹென்றி கவெண்டிஷ் என்னும் ஆங்கில விஞ்ஞானி, ஒரு குழாயிற் காற்றை அடைத்து, ஒட்சிசனைச் சேர்த்து, மின்பொறியைத் தொடர்ந்து பாய்ச்சி, அதிலிருந்த நைதரசனை முழுவதும் நீக்கிவிட முயன்றார். எவ்வளவு முயன்றும் ஒரு சிறு குமிழி எஞ்சியது. அது எடுத்துக்கொண்ட நைதரசனில் நூற்றிருபதில் ஒரு பங்குக்கு மேற்படாது எனக் குறித்துவைத்தார். அக்குறிப்பு நூறாண்டுக்கு மேலாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பிறகு இரேலி பிரபு, காற்றிலிருந்து பிரித்த நைதரசனையும் அமோனியா போன்ற சேர்வைகளிலிருந்து பெற்ற நைதரசனையும் நிறுத்துப் பார்த்தார். முன்னது இருநூறில் ஒரு பங்களவு கூடுதலாக நிறுத்தது. இத்துணைச் சிறு வேறுபாட்டைத் தராசின் பிழை என்று தள்ளிவிடுவது எளிது. அவர் தள்ளவில்லை. வில்லியம் இராம்சேயும் அவரும் சேர்ந்து தேடியதிற் காற்றினுள் அதுகாறும் எவரும் அறியாத ஒரு வாயு மறைந்திருப்பது 1894-ல் வெளியாயிற்று. எதனோடும் சேராமல் வாளாவிருந்தமையால், சோம்பல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லையொட்டி அதற்கு ஆகன் எனப் பெயரிட்டனர். 1898-ல் இராம்சேயும் மொரிஸ் டிராவர்சும் கிரித்தன், நேயன், செனன் என்னும் அதன் இனத்து வாயுக்களையும் கண்டனர். 1904-ல் இரேலிக்குப் பௌதிகத்துக்கும் இராம்சேக்கு இரசாயனத்துக்குமாக நோபெல் பரிசுகள் கிட்டின.

ஆகன் அரிய பொருளன்று. காற்றின் நூறு பங்கில் ஏறக்குறைய ஒரு பங்கு அதுவே. லயத்துக் காம்பரா ஒன்றினுள் இருக்கும் காற்றில் மட்டும் ஏறத்தாழ இருநூற்றைம்பது லீற்றர் ஆகன் உண்டு. ஒரு சதுர மீற்றர் யன்னலின் இடைவெளியை நிரப்பப் பதினாறு லீற்றர் போதும். ஆகவே அந்தச் சிறு அறையின் காற்றிலேயே பதினைந்து யன்னல்களுக்கான ஆகன் அடங்கியிருக்கிறது. அதனைப் பிரிப்பதே பெரும்பணி. காற்றைக் கடுங்குளிரூட்டித் திரவமாக்கிப் படிப்படியாகக் கொதிக்கவிட்டால், நைதரசன் பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையிலும், ஆகன் 186 பாகையிலும், ஒட்சிசன் 183 பாகையிலும் தனித்தனியே பிரியும். 1913-ல் இர்விங் லாங்மியூர் மின்குமிழினுள் வாயுவை நிரப்பி இழையின் ஆயுளை நீட்டிய பின்பு, ஆகன் நிரப்பிய மின்குமிழ்கள் உலகெங்கும் பரவின. பெயர் அறியப்படுமுன்னரே அவ்வாயு மலைநாட்டுத் தொழிற்சாலைகளுக்கும் பங்களாக்களுக்கும் விளக்கினுள் ஒளிந்து வந்துவிட்டது.

இந்தச் சோம்பேறி வாயு யன்னலுக்கு உகந்தது ஏன்? வாயுவில் வெப்பத்தைக் கொண்டுசெல்வோர் அதன் மூலக்கூறுகளே. வெப்பமான கண்ணாடியை மோதிச் சக்தியைப் பெற்று, அயலாரிடம் கொடுத்து, அவர்கள் தம் அயலாரிடம் கொடுக்க, கடைசியிற் குளிர்ந்த கண்ணாடியிற் போய்ச் சேர்க்கிறார்கள். நைதரசன் மூலக்கூறின் நிறை 28, ஒட்சிசனுடையது 32, ஆகன் அணுவினது 40. பாரமானது மெல்ல நடக்கும். அன்றியும் நைதரசனும் ஒட்சிசனும் இரண்டு அணுக்கள் கைகோத்துச் சுழல்வன. அச்சுழற்சியிலும் சக்தியைச் சுமக்கின்றன. ஆகனோ தனியணு, அதற்கு அந்தக் கூடுதற் சுமை இல்லை. மெல்ல நடந்து குறையச் சுமப்பதால், காற்றுக் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையே அது கடத்துகிறது. கிரித்தன் அதனினும் சிறந்தது. விலையும் அவ்வாறே உயர்ந்தது. இடைவெளி பன்னிரண்டு முதற் பதினாறு மில்லிமீற்றர் வரை இருப்பது ஆகனுக்கு ஏற்றது. அதற்கு மேற் கூட்டினால் உள்ளிருக்கும் வாயு கேத்தல் நீர்போலச் சுழலத் தொடங்கும். அசையாமை என்னும் பயன் போய்விடும்.

இத்துடன் காரியம் முடிந்தது என்று முன்னோர் கருதியிருந்தால் ஏமாந்திருப்பர். இரண்டு வெறுங்கண்ணாடிகளுக்கிடையே செல்லும் வெப்பத்திற் பெரும்பகுதி வாயுவின் வழியே செல்வதில்லை. கதிர்வீசலாகவே தாண்டிச் செல்கிறது. பனி பூத்த புல்லின் செய்திதான் இங்கும். கண்ணாடி ஞாயிற்றின் ஒளியைப் புகவிடும். ஆனால் மனித உடலும் சுவரும் வீசும் கண்காணா வெப்பக் கதிரைத் தானே உறிஞ்சி, மறுபுறம் வீசிவிடும். ஆகவே வெறும் இரட்டைக் கண்ணாடிக்குள் ஆகனை மட்டும் நிரப்புவதாற் கிடைக்கும் நன்மை சொற்பமே. கதிர்வீசலை அடக்கிய பின்னரே வாயு தன் வேலையைக் காட்டும்.

அடக்கும் வழியைப் பாற்போத்தலோடும் தேநீரோடும் தோட்டத்துக்குச் செல்லும் சுடுநீர்க் குடுவையிற் காணலாம். ஜேம்ஸ் டியூவர் 1892-ல் அமைத்த அக்குடுவையில் இரண்டு கண்ணாடிச் சுவர்கள் உள்ளன, நடுவே வெற்றிடம், சுவரின் உட்புறம் வெள்ளி முலாம். வெற்றிடத்திற் கடத்தலும் இல்லை, மேற்காவுகையும் இல்லை. வெள்ளி முலாம் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. யன்னலுக்கும் வெள்ளி பூசலாம். ஆனால் ஒளி மறையக் கூடாது. ஒரு மில்லிமீற்றரை இலட்சம் கூறிட்டால் வரும் ஒரு கூறு அளவே தடிப்புள்ள வெள்ளிப் படை ஒளியைப் புகவிட்டு வெப்பக் கதிரைத் திருப்புவதை விஞ்ஞானிகள் கண்டனர். 1973-ல் மேலைநாடுகளை எண்ணெய் நெருக்கடி தாக்கியபோது, வீட்டை வெப்பமாக்கும் செலவு திடீரென உயர்ந்தது. யன்னல் வழியே பணம் வெளியேறுவதை அரசுகள் உணர்ந்தன. கலிபோர்னியாவிலுள்ள லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடம் இத்துறையில் முன்னின்றது. 1980-களில் வெள்ளிப்பூச்சும் வாயு நிரப்பலும் ஒருங்கே அமைந்த யன்னல்கள் அங்காடிக்கு வந்தன. குடுவையைப் போலவே யன்னலிலும் வெற்றிடம் அமைக்கலாகாதா எனக் கேட்போருக்கும் விடை உண்டு. உருண்டைக் குடுவை வளிமண்டலத்தின் அழுத்தத்தைத் தாங்கும். தட்டைக் கண்ணாடியின் ஒவ்வொரு சதுர மீற்றர் மீதும் பத்துத் தொன் பாரம் அழுத்தும். நடுவே நுண்ணிய தூண்களை வரிசையாக நிறுத்தி இதனை வென்ற கண்ணாடியை 1989-ல் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் செய்து காட்டினர்.

இனி அந்த யன்னலை மலைக்கு ஏற்றிப் பார்க்கலாம். இங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. கொழும்பில் வாங்கிய பிசுக்கோத்துப் பொதியோ பொரியற் பொதியோ ஹற்றனை அடையும்போது ஊதிப் புடைத்து நிற்பதைப் புகைவண்டிப் பயணிகள் கவனித்திருப்பர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடலோரத்திலுள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடலோரத் தொழிற்சாலையில் வாயுவை அடைத்து மூடிய யன்னலும் பொதியைப் போலவே புடைக்க முயலும், கண்ணாடி வளையும், விளிம்பு இழுபட்டு நாளடைவில் விட்டுக்கொடுக்கவும் கூடும். உயர்ந்த மலைநாடுகளுக்கு அனுப்பும் யன்னல்களில் அழுத்தம் சமமாவதற்கென மயிர்போன்ற குழாய் ஒன்றைச் சிலர் வைத்துவிடுகின்றனர். அக்குழாயைத் திறந்தே விட்டால் உள்ளிருக்கும் ஆகன் மெல்ல மெல்ல வெளியேறும்; காற்று உள்ளே புகும். நல்ல விலை கொடுத்து வாங்கிய வாயு இவ்வாறு மலையிற் கலந்துவிடும்.

ஆகவே ஆகன் யன்னல் லயத்துக்கு வருமா என்று கேட்பது இன்றைக்குப் பொருத்தமான கேள்வியன்று. அதன் கணக்கை மலைநாட்டு வீட்டுக்குப் போட்டுப் பார்ப்பதே பொருத்தமானது. அந்தக் கணக்கிலிருந்து எதிர்பாராத செய்தி ஒன்று கிடைக்கிறது.

தை மாதத்து இரவு ஒன்றில் வெளியே 8 பாகை, அறையினுள் 20 பாகை என்று வைத்துக்கொள்வோர் இவ்வாறு கணிப்பர். ஒரு சதுர மீற்றர் ஒற்றைக் கண்ணாடி வழியே ஏறக்குறைய 70 உவாற்று வெப்பம் வெளியேறும். இரட்டைக் கண்ணாடியாயின் அது 34 உவாற்றளவில் நிற்கும். வெள்ளிப்பூச்சும் ஆகனும் உள்ள யன்னலில் 14 உவாற்றாகக் குறையும். இப்பொழுது தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் மேல், உட்கூரை எதுவுமின்றிக் கிடக்கும் ஒற்றைத் தகரம் ஏறக்குறைய பதினொரு சதுர மீற்றர். அதன் வழியே எண்ணூறு முதற் தொளாயிரம் உவாற்று வரை வெளியேறும். வானம் வெளுத்த இரவில், புல்லைப் போலவே தகரமும் தன் வெப்பத்தை வானுக்கு வீசுவதால், இழப்பு இன்னும் கூடும். உறங்கும் மனிதர் ஒருவரின் உடல் தரும் வெப்பம் ஏறத்தாழ எழுபது உவாற்று. ஐவர் உறங்கும் காம்பராவில் அவ்வைவரின் உடல் வெப்பம் முழுவதும் சேர்ந்தாலும் கூரையின் பசிக்கு அரைவாசி காணாது. யன்னல் கேட்பதோ ஒருவரின் பங்கு மட்டுமே.

குளிருக்கு அஞ்சிச் சாக்குத் துணியால் யன்னலை அடைப்பவர், கூரையளவு பெரிய வாயிலைத் திறந்துவைத்துக்கொண்டு சாவித் துவாரத்தை அடைப்பவரை ஒப்பர். இதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. அடைக்கக் கூடியதாக அவர் கைக்கு எட்டியது யன்னல் ஒன்றே. கூரை தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டங்கள் 1970-களின் முற்பகுதியில் அரசுடைமையாகி, 1992-ல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்ற பின்பும், பழைய லயங்களின் கூரை பெரும்பாலும் அதே ஒற்றைக் கூரையாகவே இருந்துவந்திருக்கிறது.

யன்னலின் வரவுப் பக்கத்தையும் எழுத வேண்டும். பனி பூக்கும் இரவுகள் வானம் தெளிந்த இரவுகள். அவற்றை அடுத்த பகலும் பெரும்பாலும் தெளிந்தே விடியும். கிழக்கு நோக்கிய யன்னலின் ஒரு சதுர மீற்றர் வழியே, காலை வெயில் ஏறிய பின், ஐந்நூறு உவாற்றளவு வெப்பம் உள்ளே வரும். மூன்று மணிநேரம் வெயில் விழுந்தாற் போதும். இரவு பன்னிரண்டு மணிநேரத்தில் அந்த யன்னல் இழந்ததெல்லாம் மீண்டு, அதற்கு மேலும் கிடைத்துவிடும். மலை மறைக்கும் பள்ளத்திலும், தென்மேற்குப் பருவமழைக் காலத்து மூடுபனியிலும் இந்த வரவு குறையும் என்பது உண்மையே. எனினும், நல்ல திசை நோக்கி அமைந்த யன்னல் வீட்டைக் குளிரச் செய்கிறது என்ற பழிக்கு ஆதாரம் இல்லை.

2018-ஆம் ஆண்டு ஓகத்து மாதம் பூண்டுலோயாவை அடுத்த டன்சினன் தோட்டத்தில் இந்திய அரசின் உதவியுடன் கட்டிய 404 வீடுகள் தொழிலாளரிடம் கையளிக்கப்பட்டன. ஏழு பேர்ச் நிலம், 550 சதுர அடித் தனிவீடு என்பது அத்திட்டத்தின் அளவு. முதுகோடு முதுகு ஒட்டாத வீட்டில் நான்கு சுவரும் குடியிருப்போருடையவை. எத்திசையில் யன்னல் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே முதன்முறையாக இடம் உண்டு. ஆனால் இன்னும் பெருந்தொகையான குடும்பங்கள் வாழ்வது பழைய லயங்களிலேயே. வீடு அமைப்போரும், பழைய கூரையைத் திருத்துவோரும் முதலில் உட்கூரைக்குச் செலவிடுவதே முறை. தகரத்தின் கீழ் ஒரு சாண் இடைவெளிவிட்டுப் பலகையோ தடித்த அட்டையோ அடித்துவிட்டால், நடுவே நிற்கும் காற்று கூரை வழியான இழப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடும். அதாவது நானூறு உவாற்றுக்கு மேற்பட்ட மிச்சம். அதில் ஆறில் ஒரு பங்கை ஒரு யன்னலுக்காகச் செலவிட்டாலும் பிள்ளை பகல் வெளிச்சத்திற் படிக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. விறகடுப்பு எரியும் அறையாயின், புகைபோக்கி அமைத்துப் புகைக்கு வழி செய்த பின்னரே இடுக்குகளை அடைக்க வேண்டும். காற்றோட்டமற்ற அறையிற் கரியடுப்பை வைத்து உறங்குவது உயிருக்கே கேடு.

இரண்டாவது கண்ணாடியை ஆகன் இல்லாமலே உள்ளூர்த் தச்சர் பொருத்திவிடலாம். இருக்கும் யன்னற் சட்டத்தின் உட்புறமாக, முதற் கண்ணாடியிலிருந்து முக்கால் அங்குலத்துக்கும் குறைவான இடைவெளியில், மெல்லிய மரச்சட்டத்தோடு மற்றொரு கண்ணாடியை நிறுத்த வேண்டும். உட்புற விளிம்பை மக்கு வைத்தோ துணிப்பட்டி ஒட்டியோ இறுக அடைக்க வேண்டும். அறையின் ஈரக்காற்று இடைவெளிக்குட் புகாதிருத்தல் முக்கியம். வெளிச்சட்டத்தின் அடியில், வெளியே திறக்குமாறு, ஆணி நுழையும் அளவில் இரண்டு துளைகளை இட்டால், தப்பிப் புகுந்த ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். மலையின் அழுத்தமும் அங்கே தானாகச் சமனாகும். உள்ளேயுள்ள சட்டத்தை ஆணியடித்து நிலைப்படுத்தாமற் திருகாணியிற் பொருத்தினால், வைகாசியிற் பருவமழை தொடங்குமுன் ஒரு வெயில் நாளிற் கழற்றித் துடைத்து, உலர்ந்த பின் மீண்டும் மாட்டிக்கொள்ளலாம்.